பண்டத்தரிப்பும் வேடந்தரிப்பும்

பஸ் நிற்கும் இடத்தை யாழ்ப்பாணத்தில் தரிப்பிடம் என்கிறோம். ஓட்டோவுக்கு ஒரு தரிப்பிடம், சைக்கிளுக்கு ஒரு தரிப்பிடம். நிற்றல் என்ற பொருளில் மற்ற இடங்களில் செய்யுளோடு ஒதுங்கிவிட்ட தரி என்ற வினை இங்கே பெயின்ற் அடித்த பலகையில் நாள்தோறும் வெயில் காய்கிறது. எங்கள் ஊர்ப் பெயரின் பின்பாதியும் அதுதான். பண்டங்கள் வந்து தரித்த இடம் பண்டத்தரிப்பு என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கியதாகச் சொல்லப்படும் சம்புகோளப் பட்டினத்தைக் காட்டுவது மாதகல் கரையில். அந்தக் கரை இங்கிருந்து வண்டில் ஓடும் தூரம். ஆகவே பண்டம் தரித்த கதையை நம்புவதற்குப் பெரிய மனத்துணிவு தேவையில்லை. 1820இல் டொக்டர் ஜோன் ஸ்கடர் இங்கே வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது அமெரிக்க மிஷன்காரர் தங்கள் கடிதங்களில் ஊரைப் 'பண்டித்தெரிப்போ' ஆக்கினார்கள். அவர்களுக்கு முன் வந்த ஒல்லாந்தரும் வாய்க்கு வந்தபடிதான் எழுதினார்கள். தரிப்பு யாருக்கும் சரியாக வாயில் தரிக்கவில்லை.

இதே தரிக்கு இன்னொரு வேலை உண்டு. உடை தரிப்பார்கள், திருநீறு தரிப்பார்கள், வேடந்தரிப்பார்கள். பிடித்துக்கொள்ளுதல் என்ற பொருள்கொண்ட வடமொழி வேரோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். நின்றவன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான், உடுத்தவன் உடம்பில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான், கருத்தரித்தவள் வயிற்றில் பிடித்துக்கொள்கிறாள். ஊர்ப் பெயரில் இந்த இரண்டாவது பொருளும் ஒளிந்திருப்பது இவ்வளவு காலமும் என் மண்டையில் ஏறவில்லை. ஏற்றிவைத்தவன் அயல் வீட்டுப் பொடியன். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ற்ஸ் வரும்வரைக்கும் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன். அவர்கள் வீட்டு விறாந்தையில் ஊதா நிறத்தில், நெற்றியில் ஒற்றைக் கொம்போடு ஒரு தலை இருந்தது. அதன் கன்னத்துக் கோடுகள் பச்சையாக எரிந்து எரிந்து அணைந்தன.

"என்ன தம்பி இது, சூரன்போருக்கோ?"

"இல்லை மாமா, கொஸ்பிளே."

கொஸ்பிளே என்றான், காஸ்பிளே என்று சொல்லவில்லை. என் காது அங்கேதான் நின்றது. சென்னைப் பத்திரிகை இதைக் காஸ்பிளே என்றே எழுதும். காபி, டாக்டர், காலேஜ் என்ற வரிசையில் அது அவர்களுக்குச் சரி. எங்களுக்கோ கோப்பி, டொக்டர், கொலிஜ். ஆங்கில ஒகரத்தை நாங்கள் ஆகாரமாக விரிப்பதில்லை. யப்பானியரும் விரிப்பதில்லை. அவர்கள் வாயில் இந்தச் சொல் கொசுபுரே. கோப்பியிலும் அவர்கள் எங்கள் பக்கம்தான், கோஹீ என்பார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் 1641 முதல் நாகசாகியின் தெஜிமாத் தீவில் அடைபட்டுக் கிடந்து வியாபாரம் செய்த ஒல்லாந்தர். அதே ஒல்லாந்தக் கொம்பனி 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது.

மெய்யெழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு சொல்லுக்கு முதலில் வருவதை இரண்டு மொழியும் பொறுப்பதில்லை. நாங்கள் இகரத்தைச் செருகிப் பிளே என்றோம். அவர்கள் உகரத்தைச் செருகினார்கள். லகரம் அவர்களிடம் இல்லாததால் ரகரத்தை வைத்துப் புரே என்றார்கள். கொசுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இவ்விடத்தில் சொல்லிவைப்பது நல்லது.

இந்தச் சொல்லுக்குப் பெற்றவர் பெயர் உண்டு, இது அபூர்வம். நொபுயுக்கி தக்காஹாஷி, ஸ்ரூடியோ ஹார்ட் என்ற நிறுவனத்தை நடத்திய எழுத்தாளர். பரவலாகச் சொல்லப்படும் கதை இது: 1984இல் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பக்கத்தில் அனஹைம் நகரில் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அங்கே கதைமாந்தராக உடுத்து வந்தவர்களைத் தக்காஹாஷி பார்த்தார். ஊர் திரும்பி அதைப்பற்றி எழுதவேண்டும். அமெரிக்கர் அதற்கு வைத்திருந்த பெயர் மாஸ்கரேட். அதை யப்பானிய மொழிக்கு மாற்றினால் பிரபுக்களின் முகமூடி விருந்து என்ற வாசம் அடித்தது. அவர் கண்டதோ காட்போட்டும் வெள்ளித்தாளும் ஒட்டிக்கொண்டு வந்த சாதாரணச் சனம். எனவே கொஸ்ரியூமையும் பிளேயையும் தலைத்துண்டு தலைத்துண்டாக வெட்டி ஒட்டினார். கதை அழகானது. ஆனால் 'மை அனிமே' என்ற சஞ்சிகையின் 1983 ஜூன் இதழிலேயே இந்தச் சொல் கிடக்கிறது. அனஹைம் போகுமுன்பே சொல் பிறந்துவிட்டது. பிறந்த பிள்ளைக்கு ஒரு நல்ல பயணக்கதையைப் பின்னால் சேர்த்துவிட்டார்கள். தலபுராணம் எழுதிப் பழகிய எங்களுக்கு இது புதிதல்ல.

வெட்டி ஒட்டும் இந்த முறை யப்பானியருக்குக் கைவந்தது. பொக்கெற் மொன்ஸ்ரர் போக்கெமொன் ஆனது. கராஓக்கேயில் கரா என்றால் வெறுமை, ஓக்கே என்பது ஓர்கெஸ்ராவின் தலை. அனிமே என்பதும் அனிமேஷனின் வால் போனபிறகு மிஞ்சிய தலைதான். அந்தத் தலைக்கு இலத்தீன் பூர்வீகம். அனிமா என்றால் மூச்சு, உயிர். நடமாடாத படத்துக்கு உயிர் ஊட்டுவதால் அனிமேஷன். வடமொழிப் பிராணனில் உள்ள 'அன்' என்ற வேரும் இதே மூச்சுத்தான் என்கிறார்கள் மொழிநூலார். அதன்படி அனிமேயும் பிராணனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கொஸ்ரியூம் இத்தாலியருக்குப் பழக்கவழக்கம் என்ற பொருளில் பிறந்த சொல். ஒரு காலத்தின், ஓர் ஊரின் வழக்கம் எது என்பதிலிருந்து அது உடுப்புக்கு இறங்கி வந்தது. பிளே விளையாட்டும் நாடகமும் ஆகும். தமிழின் ஆட்டமும் அப்படித்தான், கிளித்தட்டும் ஆடலாம், கூத்தும் ஆடலாம். தக்காஹாஷி தமிழராக இருந்திருந்தால் அவருக்கு வெட்டி ஒட்டும் வேலை அரைவாசி மிஞ்சியிருக்கும்.

செயலுக்கு வயது பெயரைவிட அதிகம். 1939இல் நியூயோர்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே ஃபொரஸ்ற் ஆக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனாக உடுத்துப் போனார். அவருக்கும் தனக்குமாக உடுப்புத் தைத்தவர் மொறோஜோ என்று அறியப்பட்ட மேட்டில் டக்ளஸ். முதல் கொஸ்பிளே ஆண் என்று ஆக்கர்மன் பெயரை எழுதுகிறவர்கள் ஊசி பிடித்த கையை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் கூத்து வரலாறும் முடி செய்தவனையும் உடுப்புக் கட்டினவனையும் இப்படித்தான் மறந்தது.

அப்படியென்றால் தமிழில் இதற்கு இருந்த பெயர் என்ன? வேடம், பேச்சில் வேசம். வடமொழியில் அது வெறும் உடை. தமிழில் அதற்கு இரண்டு விதமான வாழ்க்கை வாய்த்தது. சைவ வீடுகளில் திருவேடம் என்றால் கைகூப்புவார்கள். மெய்ப்பொருள் நாயனார் கதையை நாவலரின் பெரியபுராண வசனத்தில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது தெரியும். அடியார்போல் திருநீறு பூசிவந்த பகைவன் தன்னைக் குத்திய பின்னும், அவன் வேடம் வேடம்தான் என்று அவனைப் பத்திரமாக ஊர் எல்லைவரை அனுப்பிவைத்தார் நாயனார். உள்ளே யார் என்பதைவிட மேலே என்ன என்பதற்கு அவ்வளவு மரியாதை. மற்ற வாழ்க்கை சந்தியிலே. "உவன் சும்மா வேசம் போடுறான்" என்றால் உவன் கள்ளன். வேடதாரி என்று ஒருவரை எழுதினால் வழக்கு வரும். கூத்துக்காரருக்கு மட்டும் இந்தச் சொல் கறைபடாமல் இருந்தது. அவர்கள் வேசம் கட்டினார்கள்.

கட்டு என்ற வினையை அவர்கள் சும்மா வைத்திருக்கவில்லை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசருக்குரிய உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர். கரப்பு என்றால் கோழி மூடும் கூடை. இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் அந்த உடுப்பைத் தூக்கிப் போட்டுக்கொள்ள முடியாது, ஆள் வைத்து உடம்பில் கட்டவேண்டும். தலையில் வைக்கும் முடியில் கண்ணாடித் துண்டும் மணியும் பதித்தார்கள். அது பணக்காரத்தனம் காட்டவல்ல, பந்தத்தின் வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் முகத்துப் பக்கம் மின்னவேண்டும் என்பதற்காக. பந்தத்துக்குப் பின் பெற்றோமாக்ஸ் வந்தது. அந்தப் பெயரிலும் ஓர் ஆள் நிற்கிறார். பெர்லினில் விளக்குச் செய்த மாக்ஸ் கிரெட்ஸ் என்பவரைக் கூட்டாளிகள் பெற்றோலியம் மாக்ஸ் என்று பகிடி பண்ண, அதுவே விளக்கின் பெயரானது. காங்கேசன்துறை வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று ஊர்களை அழவைத்த காலத்தில் கிராமத்து மேடைகளில் இரைந்துகொண்டிருந்தது அந்தப் பெர்லின்காரரின் பட்டப்பெயர்.

விறாந்தைத் தலைக்கு வருகிறேன். அது எவாஞ்சலியன் முதலாம் இலக்கம். எவாஞ்சலியன் என்பது ஹிடெயாக்கி அன்னோ இயக்கி 1995 ஒக்ரோபரில் யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 26 பகுதித் தொடர். பிள்ளைகள் இராட்சத உடம்புக்குள் ஏறியிருந்து சண்டை பிடிக்கும் கதை. தொடருக்கு இவன் வயதைவிடக் கூடிய வயது. ரொறன்ரோவில் இருக்கும் இவனுடைய மச்சாள்தான் பார்க்கச் சொன்னாளாம். அவள் ஆண்டுதோறும் அங்கே அனிமே நோர்த் என்ற திருவிழாவுக்குப் போகிறவள். எவாஞ்சலியன் கிரேக்கச் சொல். நற்செய்தி, சுவிசேஷம். இதைச் சொன்னபோது பொடியன் கையிலிருந்த சோல்டர் கோலைக் கீழே வைத்துவிட்டான். ஸ்கடர் கப்பலேறி இந்த ஊருக்கு எதைக் கொண்டுவந்தாரோ அதே சொல், 200 ஆண்டு கழித்து யப்பானைச் சுற்றி, கொம்பு முளைத்து, எல்.ஈ.டி. பூட்டி வந்திருக்கிறது.

இரசிகர்கள் அதைச் சுருக்கி எவா என்பார்கள். தலை செய்த பொருளுக்கும் எவா என்றுதான் பெயர், எத்திலீன் வைனைல் அசிற்றேற்று என்பதன் முதலெழுத்துகள். பாட்டாச் செருப்பின் மெத்தை அடியும், குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்து நிலத்தில் விரிக்கும் பாயும் இந்த நுரைச் சீற்றுத்தான். கொஸ்பிளேக்காரர் உலகம் முழுவதும் இதைத்தான் வெட்டுகிறார்கள், பாரமில்லை, சூடு காட்டினால் வளையும், ஆறினால் வளைந்தபடி நிற்கும். இவன் அம்மாவின் தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டியிருந்தான். தாடைப் பக்கம் ஒரு வளைவு சரிவராமல் இரண்டு முறை பிளந்து ஒட்டிய தழும்பு தெரிந்தது.

உள்ளே கன்னத்துக்கு 16ஆக 32 எல்.ஈ.டி. விளக்குகள். பட்டியாக விற்பார்கள், தேவையான நீளத்துக்குக் குறியிட்ட இடத்தில் வெட்டலாம். ஒவ்வொரு விளக்கின் வயிற்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பொட்டும் கண்ணுக்குத் தெரியாத சின்ன மூளை ஒன்றும் உண்டு. கட்டளை ஒரே கம்பியில் வருகிறது. முதல் விளக்கு தனக்குரிய 24 பிற்றுகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்கு விடும், அது தன்னுடையதை எடுத்துக்கொண்டு அதற்கடுத்ததற்கு விடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டங்கொடுக்கும்போது, அதாவது பாட்டு ஏட்டைப் பிரித்துக் கொடுக்கும்போது, அவரவர் தங்கள் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதைப் போல. பட்டியில் அம்புக்குறி போட்டிருக்கும். அந்தத் திசைக்கு மாறாகப் பூட்டினால் ஒன்றும் எரியாது, எவ்வளவு திட்டினாலும் எரியாது.

மூன்று பொட்டும் முழுக்க எரிந்தால் ஒரு விளக்கு ஏறக்குறைய 60 மில்லியம்பியர் இழுக்கும். 32க்கும் கிட்டத்தட்ட 2 அம்பியர் வேண்டும். இவனுக்குப் பச்சை மட்டும் போதும் என்பதால் மூன்றிலொரு பங்கோடு காரியம் முடிந்தது, ஃபோன் சார்ஜ் பண்ணும் பவர் பாங்கே தாங்கும். அதை முகத்துக்குள் வைக்காமல் இடுப்புப் பட்டியில் செருகி முதுகால் வயர் ஏற்றியிருந்தான். லிதியம் பற்றரியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு வியர்க்கிற புத்தி அவனுக்கு இல்லை. மூச்சால் உள்ளே புழுங்காமல் இருக்கப் பழைய கொம்பியூற்றரில் கழற்றிய ஒரு சின்ன விசிறி. கண் இருக்கவேண்டிய இடத்தில் கண் இல்லை, மூக்கடியில் வலைத்துணி வைத்து அதனூடாகப் பார்க்கிறான். படி இறங்கும்போது கைபிடிக்க ஆள் வேண்டும். கரப்புடுப்புக்காரனுக்கும் வேண்டியிருந்தது.

விளக்குகளை ஆட்டுவிக்கும் பலகை ஆடுயினோ. வாயில் நுழையாத அந்தப் பெயர் 1002இல் இத்தாலிக்கு முடிசூடிய ஆடுயின் என்ற அரசனுடையது. அவன் பெயரில் இவ்றியா நகரில் ஒரு மதுக்கடை இருந்தது. 2005இல் பலகையைச் செய்தவர்கள் அங்கே கூடிக் குடித்தவர்கள், கடைப் பெயரைப் பலகைக்கு வைத்தார்கள். ஃபோனிலிருந்து நிறம் மாற்றப் பூட்டிய புளூடூத்தோ 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர், நீலப்பல்லன். ஆக ஒரு தலைக்குள் இரண்டு இராசா. கூத்து என்றால் இராசா வராமல் முடியுமா?

இவ்வளவையும் அவன் 'மாஸ்க்' என்றான். நான் முகமூடி என்று திருத்தப் பார்த்தேன்.

"முகமூடி எண்டு சொல்லாதேங்கோ மாமா. அம்மம்மாவுக்குப் பிடிக்கேல்லை."

அம்மம்மாவிடம் கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு முகமூடி என்றால் சாக்கு. போர்க்காலச் சுற்றிவளைப்பில் படையினர் ஊரைக் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட வளவிலோ வரிசையாக இருத்துவார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட சாக்கைத் தலையால் கவிழ்த்த ஒருவன் முன்னால் இருப்பான். ஒவ்வொருவராக அவனைக் கடக்கவேண்டும். அவன் தலை ஆடினால் பிள்ளை போச்சு. அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். தஞ்சாவூரில் தலையாட்டி கொலுவுக்கு வைக்கும் பொம்மை, அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கலாம். இங்கே முடியாது. அதன் பின்னர் 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் வீடுகளுக்குள் வருகிறார்கள் என்று தீவு முழுவதும் பதறியது. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறைச் சனம் ஓர் இரவில் பட்ட அடி கொஞ்சமல்ல. மூடிய முகத்துக்கு இந்த மண்ணில் ஒட்டியிருக்கும் அர்த்தங்கள் இவை. மாஸ்க் அவற்றையெல்லாம் அறியாத சொல். கொரோனாக் காலத்தில் பார்மசியில் பெட்டியோடு வந்து வீட்டுக்குள் ஏறியது. அதற்கும் பழைய வீட்டில் ஒரு சர்ச்சை உண்டு. சூனியக்காரி என்ற பொருளுள்ள இடைக்கால இலத்தீன் மாஸ்கா என்பர் சிலர், கோமாளியைக் குறிக்கும் அரபு மஸ்கரா என்பர் வேறு சிலர். சூனியக்காரியோ கோமாளியோ, தலையாட்டியைவிட எவ்வளவோ மேல். தனித்தமிழ் ஆர்வத்தில் நான் அவனைத் திருத்தப்போனது தேவையில்லாத வேலை.

அம்மம்மா தலையைப் பார்த்துச் சொன்னது வேறு. "என்னடா மோனை கோலம் இது?"

கோபமாகச் சொன்னாலும் சரியான சொல்லை எடுத்துத் தந்தவர் அவர்தான். கோலம் என்றால் தோற்றம், அழகு, எடுத்துக்கொண்ட உருவம். மணக்கோலம், தவக்கோலம், பிச்சைக்கோலம் என்று எந்த ஆளும் எந்த உருவும் அதற்குள் வரலாம். கெட்டால் அலங்கோலம். மலையாளக் கரையில் தெய்யம் ஆடுகிறவர் கட்டுவது கோலம். இந்தத் தீவின் தென்கரையில், அம்பலாங்கொடையில் கதுரு மரத்தில் செதுக்கிய முகங்களைப் போட்டு ஆடும் நாடகத்துக்குச் சிங்களவர் வைத்த பெயரும் கோலம், எங்கள் சொல்தான். முகமூடிக் கலையில் தீவுக்கே பேர்போன ஊர் தன் ஆட்டத்துக்குத் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டிருக்க, தமிழர் அதை வாசல் மாவுக்கும் அம்மம்மாவின் ஏச்சுக்கும் விட்டுவிட்டோம். வேடத்தில் இருக்கும் கள்ளமும் முகமூடியில் இருக்கும் சாக்கும் கோலத்தில் இல்லை. கொஸ்பிளேக்குத் தமிழ் கேட்பவருக்கு நான் கோலங்கட்டு என்றே சொல்வேன். கேட்பார் இல்லையென்றாலும் மோசமில்லை.

கட்டு என்பதை விடவேண்டாம் என்பதற்கு எவாஞ்சலியனே சாட்சி. அந்த ஊதாத் தகடுகள் இராட்சதனைக் காக்கும் கவசம் என்று எல்லோரும் நினைத்திருக்க, கதையின் பிற்பகுதியில் உண்மை வெளிவரும். உள்ளே இருப்பது உயிருள்ளது, தகடுகள் அதை அடக்கிவைக்கும் கட்டுகள். பொடியனுக்கு மிகவும் பிடித்த இடம் அதுவாம். தலையைப் போட்டு விசிறி சுழலத் தொடங்கியதும் தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றான், மூச்சு வேறு யாரோ விடுவதுபோலக் கேட்குமாம்.

கொழும்பில் 2015 முதல் லங்கா கொமிக் கொன் நடக்கிறது. அங்கே ஒருநாள் இதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறவேண்டும் என்பது அவன் கணக்கு. யாழ் தேவியில் கொம்பு முறியாமல் கொண்டுபோவது எப்படி என்பதுதான் இப்போதைக்குப் பிரச்சினை. கொம்பைக் கழற்றிப் பூட்டக் காந்தம் வைக்கலாம் என்கிறான்.

இதைச் செய்கிறவரை என்னவென்று அழைப்பது என்று யப்பானியரும் தடுமாறியவர்கள்தான். கொசுபுரெய்யா என்று வைத்துப் பார்த்தார்கள், நீளம் என்று தலையை வெட்டி ரெய்யா ஆக்கினார்கள். தக்காஹாஷி ஒட்டிய இடத்துக்கு ஓர் எழுத்துத் தள்ளிச் சொல் திரும்ப உடைந்துவிட்டது. எங்கள் ஊர்களில் ஆளுக்குத் தனிப்பெயர் வைக்கும் வழக்கமே இல்லை, நாலாம் வேற்றுமை போதும். தருமருக்கு ஆடினவர், காத்தவராயனுக்குக் கட்டினவர் என்பார்கள். அவர் போன பிறகும் பிள்ளைகளை அந்தப் பெயராலேயே அடையாளம் சொல்வார்கள். காந்தம் பிடித்து, றெயிலும் தாமதிக்காமல், இவன் கொழும்பு போய் வந்துவிட்டால் பண்டத்தரிப்புச் சந்தியில் இவனுக்கும் 'எவாவுக்குக் கட்டினவன்' என்றுதான் பேர் விழும்.